அடைக்கலப் பொருள்

பிறர் நம்பி ஒப்படைத்ததைப் பழுதின்றிக் காத்துத் தருதல் தமிழ் மக்கள் பன்னெடுங்காலமாகப் போற்றிவந்த அறங்களுள் ஒன்று. ஒருவர் தம் பொருளையோ, தம் மக்களையோ, வெளியே சொல்லலாகாத ஒரு செய்தியையோ மற்றொருவரிடம் நம்பி விடுவாராயின், அதனை 'அடைக்கலம்' என்று நம் முன்னோர் வழங்கினர். கடன் வேறு, கொடை வேறு, அடைக்கலம் வேறு. கடனாகப் பெற்றதைச் செலவிடலாம். பின்னர் ஈடு செய்தால் போதும். கொடையாகப் பெற்றதை நம் விருப்பம்போல் துய்க்கலாம். அடைக்கலமாகப் பெற்றதைத் தொட்டுச் செலவிட நமக்கு உரிமை இல்லை. பெற்ற வண்ணமே காத்தல் வேண்டும். கேட்கும்போது திருப்பித் தருதல் வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, இன்று நம் இல்லந்தோறும் புகுந்துள்ள தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றியும், அவற்றோடு நாம் கொண்டுள்ள உறவைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இவ்வறத்தின் கனத்தை அறியச் சிலப்பதிகாரம் ஒன்றே போதும். சேரர் குடியைச் சார்ந்த இளங்கோவடிகள் இயற்றியதாகப் போற்றப்படும் அக்காப்பியத்தில், மதுரையின் புறநகரில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். அப்பகுதிக்கு 'அடைக்கலக் காதை' என்றே பெயர். எதிர்ப்பட்டவரிடமெல்லாம் கவுந்தியடிகள் அப்பொறுப்பை அளித்துவிடவில்லை. மாதரியின் இயல்பையும் அவள் குடியின் இயல்பையும் எண்ணிப் பார்த்த பின்னரே அளித்தார். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்கு எள்ளளவும் குற்றம் இல்லை. ஆயினும், அடைக்கலத்தை இழந்தேனே என்று ஆற்றாது அவள் தீயில் புகுந்தாள் என்று காப்பியம் பின்னர் நமக்கு அறிவிக்கிறது. பொறுப்பில் தவறியோர் உயிர் விடுதல் வேண்டும் என்பது இதன் கருத்தாக நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஏற்றுக்கொண்ட பொறுப்பு எத்துணைக் கனமானது என்பதை ஆநிரை காத்து வாழ்ந்த குடியில் பிறந்த ஒரு மூதாட்டி அறிந்திருந்தாள் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

நம் கையில் இருப்பவை யாருடையவை?

சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்ய வந்தோர், கரமனையில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர், அரசுப் பணிக்கும் கல்லூரிப் பணிக்கும் வந்தோர், 1990-ஆம் ஆண்டில் தோன்றிய டெக்னோபார்க்கில் பணிபுரிய அண்மையில் வந்தோர் எனத் திருவனந்தபுரத்துத் தமிழர் பல திறத்தினர். எத்திறத்தினராயினும் ஒன்று பொது. நம் உறவு ஓர் ஊரில் இல்லை. பெற்றோர் நாகர்கோவிலில் இருப்பர்; உடன்பிறந்தார் சென்னையில் இருப்பர்; மகனோ மகளோ வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருப்பர். அஞ்சல்காரரின் வரவை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருந்த காலம் போய், பேரக் குழந்தை முதலடி எடுத்து வைப்பதை அந்த நொடியிலேயே பாட்டி காணும் காலம் வந்துள்ளது. இது சிறிய நன்மை அன்று. இந்நன்மையைச் செய்து தந்தவை தொழில்நுட்ப நிறுவனங்கள் என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். அந்நிறுவனங்களில் நம் பிள்ளைகளே பணிபுரிந்து பொருளீட்டி வருகின்றனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஆகவே, பழித்துத் தள்ளுவதும் புகழ்ந்து மயங்குவதும் நமக்கு வேண்டா.

நம் கைபேசியைத் திறந்து பார்ப்போம். அதில் நம்முடையவை எத்தனை? பிறருடையவை எத்தனை? முகவரிப் பட்டியலில் நூற்றுக்கணக்கான எண்கள் உள்ளன; அவற்றுள் நம்முடையது ஒன்றே. படங்களில் அண்டை வீட்டுக் குழந்தைகளின் முகங்கள் உள்ளன. அத்தை அனுப்பிய இரத்தப் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. தம்பி தன் கடன் நெருக்கடியைச் சொல்லி எழுதிய செய்தி இருக்கிறது. நண்பர் தம் மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லி அனுப்பிய சாதகம் இருக்கிறது. இவற்றுள் எதனையும் அவர்கள் நமக்குக் கொடையாகத் தரவில்லை, நம்பித் தந்தனர். ஆகவே, நாம் கையில் ஏந்தித் திரிவது அடைக்கலப் பொருள் நிரம்பிய ஒரு பேழை.

பழைய வழக்கம் ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். முன்பெல்லாம் சாதகக் குறிப்பை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பர். பொருத்தம் இல்லையெனில் அதனைத் திருப்பித் தந்துவிடுவது பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. பெண்ணின் வயதும் பிறந்த நேரமும் குடும்ப நிலையும் எழுதப்பட்ட ஒரு தாள் கண்டவர் கையில் கிடக்கலாகாது என்னும் நாணமும் கவலையும் அவ்வழக்கத்தின் அடியில் இருந்தன. அவ்வாறே, எழுத்தறியாத ஒரு தாய்க்கு மகனின் கடிதத்தைப் படித்துக் காட்டியவர், அதில் கண்டதை அவ்வீட்டு வாயிலைக் கடந்து கொண்டுசென்றதில்லை; கொண்டுசென்றால் ஊர் அவரை மதித்ததும் இல்லை. இன்று அதே சாதகம் ஒரு விரல் தொடுதலில் பத்துக் குழுக்களுக்குச் செல்கிறது. திரும்பி வருவதில்லை. அதனை அனுப்பியவருக்குத் தாம் ஒரு தவறு செய்தோம் என்னும் எண்ணமும் எழுவதில்லை.

ஒருவர் இசைவு, பலர் பொருள்

ஒரு செயலியைக் கைபேசியில் முதன்முதலாகச் சேர்க்கும்போது நீண்ட உரையொன்று நம் முன் வருகிறது. அதுவே அந்நிறுவனத்தின் கொள்கை. அதனை முழுதும் படிப்போர் மிகச் சிலர். 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் இடத்தைத் தொட்டுவிட்டு அப்பால் செல்கிறோம். அடுத்து, முகவரிப் பட்டியலைப் பார்க்கலாமா என்று அச்செயலி கேட்கிறது. அதற்கும் தலையசைக்கிறோம். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் அவ்விசைவைப் பெற்ற பின், அச்செயலியைப் பயன்படுத்தாதவர்களின் எண்களையும் அப்பட்டியலிலிருந்து பெறுகின்றன. அவ்வெண்களை உருமாற்றியே வைத்திருப்பதாகவும், செய்திகளைத் தாமும் படிக்க இயலாதவாறு 2016 முதல் மறையாக்கம் செய்வதாகவும் அந்நிறுவனம் கூறுகிறது. அதனை நாம் ஏற்றுக்கொள்வோம். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அச்செயலியே வேண்டாவென்று விலகி நிற்கும் முதியவர் ஒருவரின் எண்ணைக் கொடுக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

இவ்வினா வெறும் நுணுக்க வாதம் அன்று என்பதற்கு 2018-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி சான்று. ஃபேஸ்புக் நிறுவனத்தின் தளத்தில் மனவியல் வினாடி வினாவைப்போல் ஒரு செயலி இருந்தது. அதன் வழியாகத் திரட்டப்பட்ட தரவுகள் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றன. இந்தியாவில் அச்செயலியை நிறுவியோர் 335 பேர் மட்டுமே என்று ஃபேஸ்புக் நிறுவனமே பின்னர்த் தெரிவித்தது. ஆயினும், நண்பர் என்னும் தொடர்பு ஒன்றினாலேயே பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களின் எண்ணிக்கை 5,62,120 என்றும் அந்நிறுவனமே கூறியது. உலகளவில் அத்தொகை 8 கோடியே 70 இலட்சம் வரை சென்றது. 335 பேர் இசைந்தனர். ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளிப்பட்டனர். இசைந்த அந்த 335 பேரும் தீயவர் அல்லர். பொழுதுபோக்காக ஒரு வினாத்தாளுக்கு விடையளித்தவர்கள். தம் வீட்டுக் கதவைத் திறப்பதாக அவர்கள் எண்ணினர். உண்மையில் ஊரார் வீட்டுக் கதவுகளையும் சேர்த்துத் திறந்துவிட்டனர். 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்நிறுவனத்திற்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. தண்டப் பணம் அரசின் கருவூலத்திற்குச் சென்றது. வெளியே சென்ற செய்தி திரும்பி வந்ததா?

'மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. எவர் பார்த்தால் என்ன?' என்று கூறுவோர் நம்மிடையே பலர். அவர் கூற்று உண்மையாகவே இருக்கலாம். நேர்மையாளரின் பெருமிதமாகவும் அது இருக்கலாம். ஆனால், அது அவருடைய பொருளுக்கு மட்டுமே பொருந்தும். தம் வீட்டைத் திறந்து போடும் உரிமை ஒருவருக்கு உண்டு. அவ்வீட்டில் அண்டை வீட்டார் வைத்துச் சென்ற நகைப்பெட்டியையும் திறந்து போடும் உரிமை அவருக்கு இல்லை. தம்மிடம் மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கும் பிறர் பொருட்டுக் காக்க வேண்டியவை உண்டு.

காத்துத் தருதல் என்பதற்கு மற்றொரு கூறும் உண்டு. பெற்றதைத் தமக்கெனப் பயன்படுத்தாமை ஒன்று; அழியாமல் திருப்பித் தருதல் மற்றொன்று. யாஹூ நிறுவனத்தின் குழுக்களில் உலகெங்கும் வாழ்ந்த தமிழர் பலர் ஆண்டுக்கணக்கில் இலக்கியம் பேசினர், மொழி ஆராய்ந்தனர். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வந்த ஓர் அறிவிப்பு, அக்குழுக்களில் சேர்ந்திருந்தவை சில வாரங்களில் நீக்கப்படும் என்று கூறியது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அச்சேவையே முடிவுற்றது. விரைந்து செயற்பட்டோர் சிலவற்றைப் படியெடுத்துக் கொண்டனர். நிறுவனத்தின் கொள்கைப்படி இதில் பிழை ஏதும் இல்லை. கொள்கைக்கும் அறத்திற்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கக் கூடும் என்பதை அறிய இது உதவும்.

நம் நகரில் எழுந்த வழக்கு

தொலைவில் நடந்தவற்றை விடுத்து அண்மைக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவிய தொடக்க நாட்களில், தனிமைப்படுத்தப்பட்டோர், முதியோர் முதலானோரின் உடல்நலச் செய்திகளை வார்டு அளவில் தன்னார்வலர் வாயிலாகக் கேரள அரசு திரட்டியது. அவற்றைத் தொகுத்து ஆராய ஸ்பிரிங்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. மக்களின் உடல்நலச் செய்தி அயல்நாட்டு நிறுவனத்தின் கைக்குச் செல்வதா என்னும் வினா ஏப்ரல் மாதத்தில் திருவனந்தபுரத்தில் பெரும் அரசியல் வழக்காக எழுந்தது. அவசர நிலையில் எடுத்த முடிவு என்றும், தரவுகள் இந்தியாவிலேயே உள்ளன என்றும் அரசு விளக்கியது.

அவ்வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2020 ஏப்ரல் 24 அன்று அளித்த இடைக்கால ஆணை நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. நோய்த் தடுப்புப் பணி தடைப்படலாகாது என்பதால் நீதிமன்றம் அவ்வொப்பந்தத்தை நிறுத்தவில்லை. ஆனால், இன்னார் என அறிய இயலாதவாறு மாற்றிய பின்னரே தரவுகளை நிறுவனத்திற்குத் தரலாம் என்றது. மூன்றாம் தரப்பினர் அவற்றைக் காணக் கூடும் என்பதை மக்களுக்குச் சொல்லி, அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும் என்றது. அத்தரவுகளை வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று நிறுவனத்தைத் தடுத்தது. தரவுகள் அரசு அமைப்பான சி-டிட்டின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டுவிட்டதாக அவ்வாண்டு மே மாதத்தில் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

எவரோ திருடினர், எவரோ விற்றனர் என்று கூறுவது நம் நோக்கம் அன்று. கட்சி வழக்கில் புகுவதும் நம் நோக்கம் அன்று. நன்மை செய்யும் நோக்கத்தோடு பிறர் செய்தியைத் திரட்டியவருக்கும் அதனைப் பிறர் கையில் தருவதற்கு வரம்பு உண்டு என்பதை அந்த ஆணை நிலைநாட்டியது. காய்ச்சல் இருக்கிறதா என்று வாயிலில் வந்து கேட்ட தன்னார்வலரிடம் ஒரு முதியவர் சொன்ன விடை, அத்தன்னார்வலரை நம்பிச் சொல்லப்பட்டது. அந்நம்பிக்கை கைமாறிக் கைமாறிச் செல்லும்போது தேய்ந்து போகலாகாது. நன்னோக்கம் உடையவர்க்கும் இவ்வரம்பு உண்டெனில், பிறர் செய்தியைக் கொண்டு விளம்பர வருவாய் ஈட்டுவோர்க்கு இது பன்மடங்கு பொருந்தும் அன்றோ?

திறந்து காட்டும் வீடு

கவுந்தியடிகள் மாதரியை அறிந்து ஒப்படைத்தார் என்று முன்னர்க் கண்டோம். அறிந்து ஒப்படைத்தல் இன்று இயலுமா? ஒரு மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பதை அதனைச் செய்தவர் அன்றிப் பிறர் அறிய இயலாதவாறு பூட்டி வைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். அவ்வாறன்றி, அதன் உள்ளமைப்பை யாவரும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை தருதல் வேண்டும் என்னும் கொள்கையுடன் 1983-ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர். அவ்வியக்கத்தின் இந்திய அமைப்பு 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் முன்னிலையில் தொடங்கப்பெற்ற இடம் நம் திருவனந்தபுரமே.

கேரள அரசு அதே காலத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் தனியார் நிறுவன மென்பொருளே அதில் இடம்பெற்றது. ஒரே நிறுவனத்தின் பொருளைப் பாடமாக்குவது தகுமா என்னும் கேள்வி ஆசிரியர்களிடையே எழுந்தது. பின்னர் அத்திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-ஆம் ஆண்டில் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. பணம் மிச்சமாயிற்று என்பர், அது உண்மையே. அதனினும் பெரியது, பூட்டிய பெட்டியைப் பிள்ளைகளின் கையில் தராமல் திறந்து பார்க்கக் கூடிய பெட்டியைத் தந்தது. திறந்திருப்பதனாலேயே ஒரு வீடு நல்ல வீடு ஆகிவிடாது. திறந்த மென்பொருளிலும் பிழை உண்டு. அதனைக் கொண்டும் ஒருவர் தீங்கு செய்யலாம். ஆயினும், உள்ளே சென்று பார்க்கலாம் என்னும் உரிமை, நம்புவதற்கு ஒரு காரணத்தைத் தருகிறது. பெரும் நிறுவனங்கள் தருவதைத் தவிர வேறு வழி இல்லை என்று சோர்வோர்க்கு, ஒரு மாநிலத்தின் பள்ளிகள் வேறு வழியில் சென்றுள்ளன என்பது ஊக்கம் தரும் செய்தி.

சட்டம் நிற்கும் இடம், அறம் தொடங்கும் இடம்

இவற்றையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். சட்டம் செய்ய வேண்டியதைச் செய்து வருகிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2021-ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றி, அதனை ஏற்றே தீர வேண்டும் என்னும் நிலையை உண்டாக்கியதற்காக, அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன.

அச்சட்டத்தில் நம் கருத்தைக் கவர்வன இரண்டு. பிறர் தரவைக் கையாளும் நிறுவனத்தைச் சட்டம் வெறும் வணிகர் என்று அழைக்கவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டதற்குப் பொறுப்பானவர் எனப் பொருள்படும் சொல்லால் அழைக்கிறது. அடைக்கலம் ஏற்றவர் என்று நாம் அதனைத் தமிழில் சொன்னால் பிழை ஆகாது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. இஃது ஒன்று.

மற்றொன்று, ஒருவர் தம் சொந்தப் பயனுக்கோ வீட்டுப் பயனுக்கோ பிறர் தரவைக் கையாண்டால் இச்சட்டம் அவரைத் தொடாது. அதாவது, அத்தையின் மருத்துவ அறிக்கையைக் குடும்பக் குழுவில் இடுவதும், நண்பர் மகளின் சாதகத்தை உறவினருக்கு அனுப்புவதும், பிறர் குழந்தையின் படத்தை நம் வீட்டு விழாப் படமெனப் பகிர்வதும் பெரும்பாலும் இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவை. சட்டம் அவ்வாறு விலகி நிற்பது முறையே. வீட்டிற்குள் காவலர் வந்து நிற்பதை எவரும் விரும்பார். ஆனால், சட்டம் விலகிய இடம் வெற்றிடம் ஆகிவிடலாகாது. அங்கே அறம் வந்து அமர்தல் வேண்டும். நிறுவனங்களை அடைக்கலம் ஏற்றவர் என்று சட்டம் அழைக்கும்போது, அவற்றிற்கு முன்னரே அடைக்கலம் ஏற்றவர்கள் நாம். முதலில் நம்மிடம் தரப்பட்டது; நம்மிடமிருந்தே அவற்றிற்குச் சென்றது. முதற்கை சோர்ந்தால் அடுத்த கையைக் குறைகூறும் தகுதி குறைந்துவிடும்.

இதனால் கைபேசியைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நம் முடிவு அன்று. பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு அஃது இயலாது, வேண்டுவதும் இல்லை. நாம் செய்யக் கூடியவை எளியவை. முகவரிப் பட்டியல் தேவைப்படாத ஒரு செயலி அதனைக் கேட்டால் மறுத்துவிடலாம். பிறர் படத்தையும் செய்தியையும் அனுப்பும் முன் அவரிடம் ஒரு சொல் கேட்கலாம். பொருந்தாத சாதகத்தை நம் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கினோம் என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கலாம். பழைய வழக்கத்தின் புதிய வடிவம் அது. சங்கங்களும் தம் உறுப்பினரின் முகவரி, பிறந்த நாள் முதலியவற்றை எந்த நிறுவனத்தின் படிவத்தில் திரட்டுகின்றன, எத்தனை நாள் வைத்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நம்மிடையே உள்ள இளைஞர்க்கு இன்னும் பெரிய பொறுப்பு உண்டு. ஒரு செயலி எதனைக் கேட்க வேண்டும், எதனைக் கேட்க வேண்டா என்பது எங்கோ வானத்தில் முடிவாவதில்லை. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் முடிவு செய்கின்றனர். அம்மேசையில் நம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். 'இச்செய்தி நமக்கு எதற்கு?' என்று அவருள் ஒருவர் ஒருமுறை கேட்டால், அதுவும் அறச்செயலே. அவ்வினாவைக் கேட்கும் துணிவு பல்கலைக்கழகத்தில் மட்டும் வருவதன்று. பிறர் கடிதத்தைப் பிரிக்காத வீட்டில், பிறர் செய்தியை வெளியே சொல்லாத வீட்டில் வளர்ந்தவர்க்கு அஃது இயல்பாக வரும். அத்தகைய வீடுகளாக நம் வீடுகளை வைத்திருப்பது நம் கையிலேயே உள்ளது.